வழி விடாத தேர்க்கோலம்

மேல்பிரிவு லயம்,
தேயிலைத் தோட்டம், ரிங்லெட்.
23-1-1977

என் அன்பு மகள் சாரதாவுக்கு அம்மா மணியம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தங்கை அம்சவல்லி, நீ பேர் வைத்துவிட்டுப் போன சிவப்புக் கோழி எல்லாரும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் சுகத்தையும் அவளிடமே ஒப்படைத்திருக்கிறேன், ஆனால் இங்கிலாந்து அவளுக்குப் புது இடம், அதனால் நீயும் கொஞ்சம் உன்னைப் பார்த்துக்கொள். நீ பனியில் நிற்கிற படம் வந்து சேர்ந்தது. தொப்பியும் கோட்டும்தான் தெரிகிறது, உள்ளே இருப்பது நீதான் என்று பின்னால் எழுதியிருந்த கையெழுத்தை வைத்து நம்பிக்கொண்டோம். பக்கத்து வீட்டு வேலாயி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்மாங் குளிர்ல புள்ள குளிக்குமா குளிக்காதா" என்று கேட்டாள், தினமும் குளிக்கும் என்று நான் சொல்லிவிட்டேன், என் பேச்சைக் காப்பாற்று. தலைக்கு எண்ணெய் வை. நர்ஸுகளுக்குப் போடுகிற ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் அவித்த உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதையும் கண்ணால் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய், மிளகாய்த்தூள் அரைத்துக் கப்பலில் போட்டிருக்கிறேன், அது வந்து சேருகிற வரைக்கும் அந்தக் கிழங்கின் மேல் கோபப்படாதே. இங்கேயும் இந்த வருஷம் குளிர் அதிகம்தான், விடிந்தும் எதிர் லயத்து வீட்டு வரிசை தெரிகிறதில்லை. அப்பா மட்டும்தான் குளிர் தெரியாமல் இருக்கிறார், அவர் இன்னும் பேக்டரியில் இலை காய வைக்கிற டிரையரில்தானே நிற்கிறார்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. "என்னைத் தடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை, இப்போது அம்சாவைத் தடுக்கிறார்" என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டிருந்தாய், அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டிருந்தது. அதை மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டேன். நீ விமானம் ஏறிய நாளிலிருந்து உன் கடிதம் எல்லாம் எனக்குத்தான் வருகிறது, உறையின் மேலேயும் என் பேர், உள்ளேயும் என் பேர், கடைசியில் அப்பாவுக்கும் சொல்லவும் என்று ஒரு வரி. வழியனுப்பக்கூட அவர் வரவில்லை என்ற வருத்தம் உனக்கு, அது எனக்கும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் தபால்காரனிடம் கடிதத்தை வாங்குவது அப்பாதான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார், "ஸ்டாம்பு நல்லா இருக்கு, ராணி தல அழகா போட்டுருக்கான்" என்பார், என் கையில் கொடுத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விடுவார். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கடைசியில் உனக்குத் தெரியும்.

பெண் பார்க்கிற விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய், முதலிலிருந்து சொல்கிறேன், வாசிக்கும்போது பக்கத்தில் நோயாளி யாரும் தூங்காமல் பார்த்துக்கொள். மார்கழி பிறந்த கையோடு கங்காணி காளிமுத்து நம் வீட்டுப் படியேறினார். ஆள் சேர்த்து வேலை வாங்குகிற கங்காணி வேலை என்று ஒன்று இல்லாமல் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் அந்தக் கோட்டும் குடையும் பேரும் அவரை விட்டுப் போகவில்லை, நாமும் அவரைக் கண்டால் எழுந்து நிற்பதை விடவில்லை. உன் தாத்தா தவறிய வருஷம் அப்பாவைப் பேக்டரியில் சேர்த்துவிட்டவர் அவர்தான், அதனால் அவருக்கு எதிரில் முடியாது என்ற சொல் அப்பாவின் தொண்டையைத் தாண்டி வராது. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற நாகரத்தினம் அம்மாளின் ஒரே பிள்ளை ராதாகிருஷ்ணன், சொந்த லோரி, முட்டைக்கோஸும் தக்காளியும் ஈப்போ வரைக்கும் போகிறது, தையிலே பேசி முடித்தால் மாசியிலே கல்யாணம் என்றார். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் கங்காணியாரே, வந்து பாக்கட்டும்" என்றுவிட்டார். அம்சவல்லிக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு வரச்சொல்லி எழுதியிருப்பதும் அதே மாசிதான். கழுத்தில் தாலியோடு கோஸ் கட்டிக்கொண்டிருக்கிறவளை எந்த நேர்முகத்துக்கு யார் கூட்டிப்போவார்கள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அழவில்லை, கல்லூரிக் கடிதத்தை எடுத்து முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள், அவ்வளவுதான்.

உன்னிடம் எதற்கு மறைப்பது, அந்த லோரி என்னையும் கொஞ்சம் மயக்கிவிட்டது. ஒரு நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிக்கொண்டே மனதுக்குள் அதன் முன்சீட்டில் உட்கார்ந்து மலைக்குக் கீழே தாப்பா வரை இறங்கி ஏறினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முருகன் படத்தைப் பார்த்ததும் லோரியிலிருந்து இறங்கிவிட்டேன். அன்று முதல் அப்பாவோடு சண்டை. சின்னவளும் படித்து ஆளாகட்டும், அவர்களை வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றால், "வந்து பாத்தா என்னா, தேஞ்சா போயிருவா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நானும் மிளகாய்ச் சம்பல் அரைப்பதை நிறுத்திவிட்டேன், பொங்கல் வரைக்கும் அவருக்கு வெறும் ரசமும் முறைப்பும்தான். மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு, திண்ணமாக ரிங்லெட்டுக்குப் போய்ப் புதுச்சட்டை எடுத்தார், தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பெண் பார்க்க வருவது அவரைத்தானோ என்று லயத்தில் கேலி பேசினார்கள். எனக்கு எரிந்தது.

கங்காணி நாள் பார்த்துக் கன்னிப் பொங்கல் அன்றைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார், ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்துவிட்டது. கன்னிப் பொங்கல் அன்று வாசல் கல்யாணமாகாத பிள்ளைகளுடையது, கோலம் அவர்கள் இஷ்டம், பெரியவர்கள் கையும் வைக்கக்கூடாது வாயும் வைக்கக்கூடாது, உனக்குத் தெரியாததா, நீ ஒரு வருஷம் மயில் போடுகிறேன் என்று போட்டு அது வான்கோழியாக முடிந்தபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. தேர் போடப்போகிறேன் என்றாள் அம்சவல்லி. நல்லதாய்ப் போயிற்று போடு என்றேன். மாவுதான் இல்லை. இந்த மலையில் ஊறவைத்த அரிசியை நிழலில் போட்டால் காய்வதற்குள் முளைத்துவிடும், வெயிலில் போடலாமென்றால் வெயில் எங்கே இருக்கிறது. என்னிடம் ஒரு சின்ன டின் மாவுதான் இருந்தது, அதில் தேர் வராது, தேர்ச்சக்கரம் வேண்டுமானால் வரும் என்றேன். "இருக்கிறத வச்சுப் போட்டுக்கிறேம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். உன் தங்கை என்றைக்குத் தலையைக் குனிந்து பேசியிருக்கிறாள், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேலாயி வீட்டு உரலில் அந்த வாரம் முழுக்க இடிக்கிற சத்தம் கேட்டது, என்ன என்று கேட்டதற்கு முறுக்குக்கு மாவு இடிக்கிறேன் என்றாள். அந்த முறுக்கு இன்றுவரை என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கன்னிப் பொங்கல் காலையில் கதவைத் திறந்து காலை வெளியே வைக்கப்போனவள் அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டேன். வாசற்படியை ஒட்டி ஆரம்பித்து முன்னால் ஓடுகிற கால்வாய் வரைக்கும் ஒரே தேர். நடுவில் சூரியன் முகம், மஞ்சளும் காவியும் கொடுத்து, மீசைகூட வைத்திருந்தாள். ஏழு குதிரை, ஆளுயரச் சக்கரம், கொடி, குடை, எல்லாம் இருந்தது, கால் வைக்க மட்டும் இடம் இல்லை. சரி, பக்கத்து வீட்டு வாசல் வழியாகச் சுற்றி வரலாமே என்று பார்த்தால், தேருக்கு வடம் போட்டிருக்கிறாள், அந்த வடம் இந்தப் பக்கம் வேலாயி வாசலுக்குப் போய் அங்கே ஒரு சின்னத் தேரைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து அடுத்த வாசலுக்கு, அந்தப் பக்கமும் அதேபோல, லயத்தின் இரண்டு கோடி வரைக்கும் எல்லா வாசலும் ஒரே வடத்தில். லயத்துக் கன்னிப்பிள்ளைகள் அத்தனை பேரும் விடியுமுன்னே எழுந்து கூட்டுச் சேர்ந்து போட்டிருக்கிறார்கள். சாதாரணக் கோலமென்றால் நாயும் மிதிக்கும் நாமும் மிதிப்போம். சூரியன் ஏறி உட்கார்ந்த தேரை மறுநாள் மஞ்சத்தண்ணீர் தெளித்துக் கூட்டுகிற வரைக்கும் யாரும் மிதிக்கமாட்டார்கள். போன வருஷம் தெரியாமல் மிதித்துவிட்ட தபால்காரனை வேலாயி கோயில் வரைக்கும் நடத்திப்போய் விளக்குப் போட வைத்தாள், அவன் மலாய்க்காரன் என்பது பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. நாங்கள் எல்லாரும் பின்வாசல் வழியாகவே போய்வந்தோம். வருகிறவர்கள் எப்படியடி வருவார்கள் என்று கேட்டேன். "அத யோசிக்கலியேம்மா" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. அப்பா வந்து எட்டிப்பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார், "போச்சு, மானம் போச்சு" என்றார். அவர் அவ்வளவு நன்றாக நடிப்பார் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கு மேல் லோரி வந்து நின்றது, கழுவித் துடைத்து முன்னால் செவ்வந்தி மாலை கட்டியிருந்தது. நான் மனதுக்குள் உட்கார்ந்த அதே சீட்டிலிருந்து நாகரத்தினம் அம்மாள் இறங்கினாள். பட்டுச்சேலை, அதற்கு மேல் ஆண்பிள்ளை சுவெட்டர், கையில் தாம்பூலக்கூடை. பெரிய உருவம், லோரியே கொஞ்சம் மேலே எழும்பிற்று. வீட்டுக்காரர் சரக்கோடு ஈப்போ போய்விட்டாராம், அந்த வீட்டில் தீர்ப்புச் சொல்வது இந்த அம்மாள்தான் என்பதால் யாரும் அவரைத் தேடவில்லை. பின்னால் மாப்பிள்ளைப் பிள்ளை, தெருக்கூட்டுகிற அகலத்தில் கால்சட்டையும் காதை மூடிய முடியுமாக. கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தவர் கால்வாய் விளிம்பில் பிரேக் போட்டதுபோல் நின்றார். "என்னா லா இது செல்லையா, எப்டி உள்ள வர்றது" என்றார். அப்பா வாசற்படியில் நின்று கையைப் பிசைந்துகொண்டு, "பிள்ளைங்க வேல கங்காணியாரே, கன்னிப் பொங்கல், நாம என்னா சொல்ல முடியும்" என்றார். உள்ளே திரும்பி ஊர் கேட்க, "வழி விட்டுப் போடத் தெரியாதா ஒனக்கு" என்று சத்தம் போட்டார். அம்சவல்லி கதவோரம் வந்து நின்று, "தேருக்கு வழி விட்டேம்பா, மனுசருக்குத்தான் மறந்துட்டேன்" என்றாள். லயத்துச் சன்னல்கள் எல்லாம் சிரித்தன.

மாப்பிள்ளைப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு எட்டு எடுத்து வைக்கப் பார்த்தான். உடனே அப்பா, "தம்பி தம்பி, சூரியன் தலையில கால வச்சிராதீங்க, புதுசா வாழப்போற புள்ள" என்று கூவினார், அவன் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றான். கங்காணி பின்பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்றார். நாகரத்தினம் அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பொண்ணு பாக்க வந்தவங்கள குளிக்கிற தண்ணி ஓடுற வழியா கூப்புடுறீங்களா" என்றாள். முதல்முதலாக வருகிறவர்கள் புழக்கடை வழியாக நுழைந்தால் அந்தச் சம்பந்தம் உருப்படுமா, அவள் கேட்டதும் நியாயம்தான். முன்னால் வந்தால் சூரியனுக்கு ஆகாது, பின்னால் போனால் சம்பந்தத்துக்கு ஆகாது, மூன்று பேரும் கால்வாய் ஓரத்தில் நின்றார்கள். அதற்குள் மலை இருண்டு தூறல் போட ஆரம்பித்தது. கங்காணிக்கு முகம் மலர்ந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள், மழையே கோலத்தைக் கரைத்து வழி விட்டுவிடும் என்றார். பத்து நிமிஷம் மழை பெய்தால் போதும், தேரும் போகும், மாசி நேர்முகமும் போகும். அம்சவல்லியைப் பார்த்தேன், அப்போதுதான் அவள் முகத்தில் பயம் தெரிந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் வேலாயி கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். வாசலுக்கு வாசல் நான்கு முனையையும் ஆளுக்கொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோலம் நனையாமல் இருந்தது, விருந்தாளிகள் நனைந்துகொண்டிருந்தார்கள். கங்காணியிடம் இருந்தது ஒரே குடை, அதை நாகரத்தினம் அம்மாள் வாங்கிக்கொண்டாள்.

குடைக்குள் நின்றபடியே அந்த அம்மாள் கோலத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், சூரியன் மீசையைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டாள், அப்புறம் வடம் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்துகொண்டு லயத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய் இந்தக் கோடிக்கு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அங்கிருந்தே கேட்டாள், "ஏம் பொண்ணு, எங்க வீட்டுக்கு வர இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான, இம்மாம் மாவ எதுக்கு வீணாக்குன." அம்சவல்லி முந்தானையை முறுக்கிக்கொண்டு, "இஷ்டமில்லாம இல்லங்கம்மா. டீச்சர் படிப்புக்கு மாசியில கூப்புட்டுருக்காங்க. படிச்சுட்டு அப்புறம் யாரு வீட்டுக்கு வேணும்னாலும் வர்றேன்" என்றாள், கடைசி வீடு வரைக்கும் கேட்டது. அந்த அம்மாள் கங்காணியிடம் திரும்பினாள். "கங்காணி, எனக்கு வேண்டியது கோசு அடுக்கத் தெரிஞ்ச மருமக. இது ஊரையே ஒரே கயித்துல கட்டுது. இது என் வீட்டுக்கு வந்தா அப்புறம் நான் எங்க போறது. படிக்கட்டும் விடுங்க" என்றாள். அவள் வாயால் வந்த பிறகு கங்காணி என்ன பேசுவார், இருமினார். பொங்கலன்று வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று நான் பொங்கலை வாழையிலையில் கட்டி, துணி காயப்போடுகிற மூங்கிலின் நுனியில் தொங்கவிட்டுத் தேருக்கு மேலாக நீட்டினேன். அந்த அம்மாள் தன் தாம்பூலக்கூடையிலிருந்து தேங்காயை எடுத்து அதே மூங்கிலில் மாட்டித் திருப்பி அனுப்பினாள், மரியாதை தெரிந்தவள். சிரித்துக்கொண்டேதான் லோரி ஏறினாள். மாப்பிள்ளைப் பிள்ளை அவளைவிட அதிகமாகச் சிரித்தான், அவன் லோரி தினமும் சாயங்காலம் திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் நிற்கிறது என்று வேலாயி சொல்கிறாள், எனக்கென்ன தெரியும்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் கோலத்தைக் கூட்டிவிட்டு வீட்டைப் பெருக்கும்போது அம்சவல்லியின் கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின் தட்டுப்பட்டது, திறந்தால் பாதிக்கு மேல் மாவு, பொலபொலவென்று ஈரமே இல்லாமல். இந்தக் குளிரில் இப்படிக் காய்ந்த மாவு ஏது என்று முகர்ந்து பார்த்தேன், அப்பாவின் சட்டை மணம். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டைகளைத் துவைக்கிறவள் நான், சூட்டில் காய்ந்த இலையின் வாசம் எனக்குத் தப்பாது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த மாவிலேயே புட்டு அவித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். ரசம் குடித்துக் காய்ந்திருந்தவர் ஆசையாக ஆரம்பித்தார். நல்லா இருக்கா என்றேன், நல்லா இருக்கு என்றார். தேத்தண்ணி வேணுமா என்றேன், கொண்டா என்றார். எதற்கு, புட்டிலேயே இருக்கிறதே என்றேன். மெல்லுகிற வாய் நின்றது. "பேக்டரி வாடை எல்லாத்துலயும் ஏறத்தான் செய்யும்" என்றார். நான் பேக்டரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லையே என்றேன். இதெல்லாம் அந்தக் குட்டியின் மூளைதானே, பெரிய கெட்டிக்காரி என்று நான் சும்மா சொல்லிப் பார்த்தேன், அங்கேதான் மாட்டினார். "அவளுக்குத் தேரு போடத்தான் தெரியும், வடத்த அந்தக் கோடி வரைக்கும் இழுக்கச் சொன்னது யாரு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார், கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்தார்.

அப்புறம் எல்லாம் வந்தது. அரிசியை ஊறவைத்துச் சாக்குத்துணியில் முடிந்து டிரையர் ஓரச் சூட்டில் வைத்துக் காய வைத்திருக்கிறார், இடித்துத் தந்தது வேலாயி. கங்காணியிடம் நம் வாயால் முடியாது என்று சொல்லக்கூடாது, அது அவர்கள் வாயால் வரவேண்டும் என்பது அவர் கணக்கு. என்னிடம் ஏன் சொல்லவில்லை, இத்தனை நாள் ரசம் குடித்தீர்களே என்றேன். "ஒனக்குத் தெரிஞ்சா சாரதாவுக்கு எழுதிருவ" என்றார். எழுதினால் என்ன என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு அவராகவே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ ஏரோப்ளேன் ஏறுன அன்னைக்கு நான் சுபாங் ஏர்போட்டுக்கு வந்திருந்தன்னா கையப் புடிச்சுத் திரும்ப இழுத்துக்கிட்டு வந்திருப்பேன். என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. அதுக்குப் பயந்துதான் வேலைக்குப் போனேன். நான் தடுக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா, பேனா தாளக் கிழிக்கிற அளவுக்கு." அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த கடிதத்தை அவர் எப்போது எடுத்து வாசித்தார் என்று நான் கேட்கவில்லை. அம்மியில் உட்கார்ந்து அவருக்கு நிறையச் சம்பல் அரைத்துவிட்டேன், காரம் அதிகமாகப் போய்விட்டது, அதனால்தான் கண்ணில் தண்ணீர் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

அம்சவல்லி நேர்முகத்துக்குப் போகிறாள், அப்பாதான் கூட்டிப்போகிறார், புதுச்சட்டை வீணாகவில்லை. கிடைக்குமோ என்னவோ, அம்மனுக்கு ஒரு பானைப் பொங்கல் நேர்ந்திருக்கிறேன், நீயும் உருளைக்கிழங்கு தின்னும்போது ஒருதரம் வேண்டிக்கொள். கங்காணி வழியில் பார்த்தால் பேசுகிறார், அப்பா முன்போலவே எழுந்து நிற்கிறார். இந்தக் கடிதத்தில் கொஞ்சம் இடம் விட்டு அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தேன், தேத்தண்ணி ஆறுகிற வரைக்கும் கையில் வைத்திருந்தார், "நீயே சொகம்னு போட்டுரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே அப்பா சுகம். நான் இதையெல்லாம் எழுதியது அவருக்குத் தெரியாது, மாவைப் பற்றி நீயும் மூச்சுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, காலுறை ஈரமாக இருந்தால் போடாதே, கூட வேலை செய்கிற பிள்ளைகளிடம் சண்டை போடாதே, போட்டால் ஜெயித்துவிட்டு எழுது. மாரியம்மன் உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும், நீ நல்ல பேரெடுத்து நல்லபடியாக மலையேறி வரவேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. அடுத்த கடிதத்தின் உறையில் என் பேர் வேண்டாம், செல்லையா என்று தெளிவாக எழுது. அவர் வழக்கம்போல ஸ்டாம்பைப் பார்க்கத்தான் வாங்குவார்.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத வேளையில்லாத அம்மா
செ. மணியம்மா